தோணியின் பின்னால் நின்றவர்

சென்ற வாரம் ஒரு குடும்பக் காரியத்தின் நிமித்தம் நாம் பிறந்த ஊராகிய உன்னிச்சைக்குச் சென்றிருந்தோம். மட்டக்களப்பு நகரிலிருந்து வாவியைக் கடந்து, வவுணதீவு வழியாக மேற்கே செல்லச் செல்ல, கடற்காற்றின் உப்பு குறைந்து வயற்காற்றின் மணம் கூடிவரும். ஆயித்தியமலையையும் தாண்டிச் சென்றால் குளக்கட்டு கண்ணில் படும். உன்னிச்சைக் குளத்தின் பெருமையை வாசக நேயர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. சுற்றிலுமுள்ள வயல்வெளிகளை விளையச் செய்வது அக்குளத்து நீரே. இன்று மட்டக்களப்பு நகரத்தார் குழாயைத் திறந்து பருகும் நீருக்கு மூலமாயிருப்பதும் அதுவே.

வைகறைப் பொழுதில் குளக்கட்டில் உலாவிக்கொண்டிருந்தோம். கரைக்குச் சற்றுத் தொலைவில் ஒரு தோணி. அதில் இருவர். முன்னணியத்தில் நின்றவர் வீச்சுவலையை மடித்துத் தோளிலும் முழங்கையிலும் ஏந்தியிருந்தார். பின்னால் நின்றவர் நீண்ட கம்பொன்றைக் குளத்தின் அடியில் ஊன்றித் தோணியை நிலைநிறுத்திக்கொண்டிருந்தார். முன்னவர் உடலை ஒரு சுழற்றுச் சுழற்றி வலையை வீசினார். அது வட்டமாக விரிந்து, நீரின்மேல் பூவிதழ்போல் விழுந்தது. கண்கொள்ளாக் காட்சிதான்! ஆயினும் அந்த வலை விரிந்த கணத்தில் தோணி இம்மியும் அசையாதிருந்ததை எத்தனை பேர் கவனித்திருப்பர்?

தோணி கரை சேர்ந்தது. மீன் வாங்க வந்திருந்த வியாபாரி கூடையை எட்டிப் பார்த்து, “இன்றைக்கு யார் வீச்சு?” என்று கேட்டார். வலை வீசியவரின் பெயரைச் சொன்னார்கள். “அதுதானே பார்த்தேன்!” என்று மெச்சிக்கொண்டே அவர் விலை பேசத் தொடங்கினார். கம்பு பிடித்தவர் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. தோணியிலிருந்த நீரை இறைத்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சிறு நிகழ்ச்சியை அன்று மாலைக்குள் நாம் மறந்தே போயிருப்போம். ஆனால் எமது அண்ணன் வீட்டில் நடந்த ஓர் உரையாடல் அதை மறக்கவொட்டாது செய்துவிட்டது.

அண்ணனுக்கு ஒரு பேரன்; பதினான்கு வயது. நகரத்துப் பள்ளியில் படிக்கிறான். அங்கே டென்னிஸ் பழகுகிறான் என்று கேள்விப்பட்டு நாம் மகிழ்ந்திருந்தோம். விடுமுறைக்கு வந்திருந்த பிள்ளையோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திண்ணையின் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். காரணம் வினவினோம். அப்பப்பாவின் தம்பியாகிய நம்மையும் அவன் அப்பப்பா என்றே அழைப்பது வழக்கம்.

“நான் இனி டென்னிஸுக்குப் போகமாட்டேன், அப்பப்பா. இம்முறை என்னை ஒற்றையர் ஆட்டத்திலிருந்து எடுத்து இரட்டையர் ஆட்டத்தில் போட்டுவிட்டார்கள். தனியாக ஆடத் தகுதியில்லாதவனைத்தானே சோடி சேர்ப்பார்கள்?” என்றான்.

அண்ணன் கிழிந்த வலையொன்றைப் பொத்திக்கொண்டிருந்தார். பேரன் சொன்னதைக் கேட்டு ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் மீண்டும் நூலைக் கோத்தார். பிள்ளைக்கு மறுமொழி சொல்லும் பொறுப்பு நம்மேல் விழுந்தது. அன்று அவனுக்குச் சொன்னவற்றையே சற்று விரித்து இங்கே எழுதுகிறோம். இத்தகைய பிள்ளை எந்த வீட்டிலும் இருக்கக்கூடும் அன்றோ?

டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி. ஒற்றையர் ஆட்டத்துக்கு அதன் அகலம் 27 அடி. இரட்டையர் ஆட்டத்துக்கு 36 அடி. இரு பக்கமும் நாலரை அடி வீதம் கூடுகிறது. ஆள் இரண்டாகப் பெருகியும் களம் ஒன்பது அடிதான் பெருகியிருக்கிறது. ஆகவே இரட்டையர் ஆட்டத்தில் ஓட்டம் குறைவு. ஆனால் இடைவெளியும் குறைவு. பந்து நொடியில் வந்து நொடியில் திரும்பும். ஒருவர் பின்கோட்டில் நின்று சேர்விஸ் போட, மற்றவர் வலையருகே குனிந்து நிற்பார். தாம் எந்தப் பக்கம் பாயப்போகிறோம் என்பதை முதுகுப்புறத்தில் விரல்களை மடக்கியும் நீட்டியும் பின்னாலிருப்பவருக்கு அவர் உணர்த்துவார். எதிரிகள் அந்த விரல்களைக் காண இயலாது. முன்னால் நிற்பவருக்கோ பின்னால் நிற்பவரின் முகம் தெரியாது. நம்பிக்கை ஒன்றே இருவரையும் பிணைக்கும் கயிறு.

எல்லாவற்றிலும் இக்கட்டானது நடுவில் வரும் பந்து. இருவருக்கும் எட்டும் பந்து அது. இருவரும் பாய்ந்தால் மட்டையோடு மட்டை மோதும். இருவரும் விட்டுக்கொடுத்தால் பந்து நடுவே போய்விடும். யார் அடிப்பது என்பதை ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இருவரும் ஒரே விதமாகத் தீர்மானிக்க வேண்டும். தனியாக எவ்வளவு திறமாக ஆடினாலும் இந்த வித்தை தானாக வந்துவிடாது. பக்கத்தில் நிற்பவனின் மனத்தை அறிந்தவனுக்கே அது சித்திக்கும்.

இனிக் கதைக்கு வருவோம். சென்னையில் பிறந்து வளர்ந்த அமிர்தராஜ் சகோதரர் மூவர். மூத்தவர் ஆனந்த், 1952 மார்ச் மாதம் பிறந்தவர். அடுத்தவர் விஜய், 1953 டிசம்பரில் பிறந்தவர். இளையவர் அசோக். தந்தையார் ரயில்வே உத்தியோகத்தர். தாயார் மாகி அம்மையார் தொழில் நடத்திய கெட்டிக்காரப் பெண்மணி. நடுப்பிள்ளையாகிய விஜய் சிறு வயதில் நுரையீரல் நோயினால் பெரிதும் வாடியவர். திறந்த வெளியில் ஓடியாடினால் உடல் தேறும் என்றெண்ணியே அவரைக் களத்தில் இறக்கினார்கள். மூத்தவரோ திடகாத்திரமான பிள்ளை. ஆரம்பத்தில் ஆனந்த்தான் பேர் எடுப்பார் என்று பார்த்தவர்கள் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் நடந்தது வேறு. நோயாளித் தம்பி வளர்ந்து 1973ஆம் ஆண்டில் விம்பிள்டனிலும் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியிலும் கால் இறுதி வரை முன்னேறி உலகின் கவனத்தை ஈர்த்தார். பத்திரிகைகளில் அவர் படம். பின்னர் 1983இல் ஜேம்ஸ் பொண்ட் திரைப்படமொன்றிலும் அவர் முகம். கடைசித் தம்பி அசோக் 1974இல் விம்பிள்டன் இளைஞர் பிரிவின் இறுதியாட்டம் வரை சென்று, பிற்காலத்தில் ஹொலிவுட்டில் படத் தயாரிப்பாளராகப் புகழ் பெற்றார். மூத்தவர் ஆனந்தும் ஒற்றையர் ஆட்டம் ஆடியவரே. எனினும் அவரை உலகம் அறிந்தது பெரும்பாலும் இரட்டையர் ஆட்டத்தில், விஜயின் பக்கத்தில் நிற்பவராக.

அண்ணன் தம்பியின் பக்கத்தில் நிற்பவராக அறியப்படுவது எளிய காரியமா? நமது ஊர்களில் எத்தனை குடும்பங்களில் இதனால் பேச்சுவார்த்தையே அற்றுப்போயிருக்கிறது!

1974ஆம் ஆண்டு மே மாதம் கல்கத்தாவில் நிகழ்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். நாடுகளுக்கிடையே நடக்கும் டேவிஸ் கிண்ணப் போட்டியில் இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் மோதின. அக்காலத்தில் இப்போட்டியில் ஒவ்வொரு மோதலிலும் ஐந்து ஆட்டங்கள். நான்கு ஒற்றையர், ஒன்று இரட்டையர். மூன்றை வென்றவருக்கு வெற்றி. முதலிரு ஒற்றையர் ஆட்டங்களில் இந்தியாவின் ஜஸ்ஜித் சிங், பொப் கில்டினனை வென்றார். விஜயோ ஜோன் அலெக்சாந்தரிடம் தோற்றார். ஆளுக்கொன்று என்ற நிலையில் இரட்டையர் ஆட்டம் வந்தது. ஒரு பக்கம் அமிர்தராஜ் சகோதரர். மறுபக்கம் அலெக்சாந்தரும், வேகமான சேர்விசுக்குப் பெயர்போன கொலின் டிப்ளியும்.

டை-பிரேக் எனும் குறுக்குவழி டேவிஸ் கிண்ணத்தில் 1989ஆம் ஆண்டிலேதான் புகுந்தது. அதற்கு முன்னர் இரு கேம் முன்னிலை கிடைக்கும்வரை ஒரு செட் முடிவடையாது. ஆகவே முதல் செட் 17-15 என்று நீண்டு இந்தியாவுக்குக் கிடைத்தது. இரண்டாவது 6-8 என்று போயிற்று. மூன்றாவது 6-3. நான்காவது மறுபடியும் நீண்டு நீண்டு 16-18 என்று கைநழுவியது. வென்றுவிட்டோம் என்று எண்ணும் வேளையில் கைநழுவிப் போகும் செட், ஆடுவோரின் முதுகெலும்பை முறிப்பது. அப்போதுதான் சோடியின் குணம் வெளிப்படும். ஒருவன் தவறவிட்ட பந்துக்காக மற்றவன் முகத்தைச் சுளித்தால் அந்தச் சோடி அங்கேயே முடிந்துவிடும். சகோதரர் இருவரும் ஐந்தாவது செட்டை 6-4 என்று வென்றனர். மொத்தம் 99 கேம்கள்!

எஞ்சிய இரு ஒற்றையர் ஆட்டங்களில் ஒன்றை அலெக்சாந்தர் வென்றார்; மற்றதை விஜய் வென்றார். மூன்றுக்கு இரண்டு என இந்தியா வெற்றி பெற்றது. ஐந்து ஆட்டங்களிலும் சேர்ந்து 327 கேம்கள் ஆடப்பட்டன. டேவிஸ் கிண்ண வரலாற்றில் அது ஒரு சாதனை. இந்த ஐந்து ஆட்டங்களில் ஆனந்தின் பெயர் இடம்பெற்றது ஒன்றில் மாத்திரமே. அந்த ஒன்று இல்லையேல் மற்றவை யாவும் வீண்.

அதன்பின் இந்திய அணி புனேயில் சோவியத் ஒன்றியத்தையும் வென்று இறுதியாட்டத்துக்குத் தகுதி பெற்றது. எதிரணி தென்னாபிரிக்கா. அந்நாட்டில் நிறவொதுக்கல் ஆட்சி நடந்த காலம் அது. அந்தக் கொள்கையை எதிர்த்து இந்திய அரசாங்கம் தன் அணியை ஆட விடவில்லை. ஆடாமலே கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போயிற்று. டேவிஸ் கிண்ண வரலாற்றில் ஆடப்படாமலேயே முடிவான இறுதியாட்டம் அது ஒன்றே. அந்த முடிவு நியாயமானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இருபத்திரண்டு வயதில், உச்ச வலுவில் இருந்த ஓர் ஆட்டக்காரருக்கு அது என்ன இழப்பு என்பதையும் நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். நீதிக்காகக் கொடுக்கப்பட்ட விலையை அன்று கைப்பணமாகக் கொடுத்தவர்கள் அந்த இளைஞர்களே.

சகோதரர் இருவரும் 1976இல் விம்பிள்டன் இரட்டையர் ஆட்டத்தில் அரையிறுதி வரை சென்றனர். 1987இல் இந்தியா மறுபடியும் டேவிஸ் கிண்ண இறுதியாட்டத்தை எட்டியது. இம்முறை ரமேஷ் கிருஷ்ணனின் திறமையும் விஜயின் அனுபவமும் அணியைக் கொண்டுசென்றன. சுவீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் டிசம்பர் மாதம் நடந்த அந்த இறுதியாட்டத்தில் இந்தியா ஐந்தையும் தோற்றது. அங்கும் இரட்டையர் ஆட்டத்தில் விஜயின் பக்கத்தில் நின்றவர், முப்பத்தைந்து வயதான ஆனந்தே. ஆடாமல் இழந்த இறுதியாட்டத்துக்கும் ஆடி இழந்த இறுதியாட்டத்துக்கும் இடையில் பதின்மூன்று ஆண்டுகள். அவ்வளவு காலமும் நாட்டுக்காக மட்டையை ஏந்த ஆயத்தமாயிருப்பது சிறு காரியமன்று.

இரட்டையர் ஆட்டம் மட்டமானது என்று எண்ணுவோருக்கு இன்னொரு செய்தியும் சொல்லலாம். இந்தியா முதன்முதலாக இறுதியாட்டத்தை எட்டிய 1966ஆம் ஆண்டில், மெல்பேர்ணில் அவுஸ்திரேலியாவிடம் நான்குக்கு ஒன்று என்று தோற்றது. இந்தியாவுக்குக் கிடைத்த அந்த ஒன்று எது? நமது தமிழகத்து ராமநாதன் கிருஷ்ணனும், ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம், ரோச் என்ற பெயர்பெற்ற சோடியை வென்ற இரட்டையர் ஆட்டமே அது.

“சரி, அப்பப்பா, வயதான பிறகு அவர் என்ன செய்தார்?” என்று பிள்ளை கேட்டான். அவன் மூலையை விட்டு எழுந்து நமக்கு அருகே வந்து உட்கார்ந்திருந்தான். கதையின் நல்ல பகுதி இனித்தான் இருக்கிறது என்றோம்.

டென்னிஸில் பயிற்றுநரின் நிலை விசித்திரமானது. காற்பந்திலும் கரப்பந்திலும் பயிற்றுநர் ஓரத்தில் நின்று கூவலாம். டென்னிஸில் நெடுங்காலமாக அது குற்றம். மாணவன் களத்தில் தத்தளிக்க, ஆசிரியர் பார்வையாளர் கூட்டத்தில் வாயைக் கட்டிக்கொண்டு இருத்தல் வேண்டும். அந்தக் கட்டுப்பாடு அண்மையிலேதான் படிப்படியாகத் தளர்ந்து, 2025ஆம் ஆண்டு முதல் விதிகளில் பொதுவாக இடம்பெற்றது. ஆனால் டேவிஸ் கிண்ணத்தில் மாத்திரம் பழைய காலந்தொட்டே ஒரு விலக்கு. ஆடாத அணித்தலைவர் ஒருவர் களத்தின் ஓரத்திலேயே நாற்காலி போட்டு அமரலாம். ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும்போது அவர்களுக்கு ஒரு துவாயையும், நீரையும், இரண்டொரு சொல்லையும் கொடுக்கலாம். அந்த இரண்டொரு சொல்லை எப்போது சொல்வது, எப்போது சொல்லாமல் விடுவது என்பதில்தான் அவருடைய வித்தை முழுவதும் அடங்கியுள்ளது.

2014 முதல் 2017இன் தொடக்கம் வரை இந்திய அணிக்காக அந்த நாற்காலியில் அமர்ந்தவர் ஆனந்த் அமிர்தராஜ். அவருடன் அணியின் பயிற்றுநராகப் பணியாற்றியவர் ஸீஷான் அலி. 1990இல் லியாண்டர் பயஸ் என்ற பதினாறு வயதுப் பையன் முதன்முதலாக டேவிஸ் கிண்ணத்தில் இறங்கியபோது, இரட்டையர் ஆட்டத்தில் அவன் பக்கத்தில் நின்றவர் இந்த ஸீஷான் அலியே. அந்தப் பையன் ஆட்டம் பழகியது எங்கே? சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தார் பிரிட்டானியா நிறுவனத்தின் உதவியுடன் நடத்திய பயிற்சிக் கூடத்தில்.

ஆகவே 2014 செப்டம்பரில் பெங்களூரில் சேர்பிய நாட்டு அணியை இந்தியா எதிர்த்தபோது நேர்ந்த காட்சியைப் பாருங்கள். முதல் நாள் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களிலும் இந்தியாவுக்குத் தோல்வி. மறுநாள் இரட்டையர் ஆட்டம். லியாண்டர் பயஸ், நாற்பத்தொரு வயது. உடன் ரோஹன் போபண்ணா. எதிரே நெனாட் சிமோன்ஜிச்சும் இலியா போசோல்யாக்கும். முதல் செட் 1-6. இரண்டாவது 6-7. இன்னும் ஒரு செட் போனால் எல்லாம் முடிந்தது. ஓரத்து நாற்காலியில் ஆனந்த். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் கல்கத்தாவில், கைக்கெட்டிய செட்டை 16-18 என்று பறிகொடுத்துவிட்டு, மறுபடி எழுந்து நின்று வென்றவர் அவர். தளர்ந்த சோடிக்கு என்ன தேவை என்பது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? பயஸும் போபண்ணாவும் அடுத்த மூன்று செட்களையும் 6-3, 6-3, 8-6 என்று வென்றனர். அடுத்த நாள் சோம்தேவ் தேவ்வர்மன் ஐந்து செட் போராடி வென்று கணக்கைச் சமமாக்கினார். கடைசி ஆட்டத்தில் இந்தியா தோற்றது. மூன்றுக்கு இரண்டு என்று சேர்பியா முன்னேறிற்று.

“கடைசியில் தோற்றுத்தானே போனார்கள்?” என்றான் பிள்ளை.

தோற்றார்கள்தான். ஆனந்தின் தலைமையில் இந்தியா 2014, 2015, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளும் உலகப் பிரிவில் நுழைவதற்கான வாயில்வரை சென்று, சேர்பியாவிடமும், செக் குடியரசிடமும், ஸ்பெயினிடமும் தோற்றுத் திரும்பியது. கிண்ணம் கிடைக்கவில்லை. இடையில் 2015இல் நியூசிலாந்து மண்ணில், பின்தங்கியிருந்து மூன்றுக்கு இரண்டு என மீண்டு வென்றதும் உண்டு. 2017இல் அவருக்குப் பின் மகேஷ் பூபதி அப்பொறுப்பை ஏற்றார். விளையாட்டில் எல்லாக் கதைகளும் மாலையுடன் முடிவதில்லை. ஆனால் தோற்ற அந்தப் பெங்களூர் மோதலை இன்றும் மனிதர் நினைவுகூர்கின்றனர்.

பூபதியின் பெயரைச் சொன்னதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் 1999ஆம் ஆண்டில் உலகின் நான்கு பெரும் போட்டிகளிலும் இரட்டையர் இறுதியாட்டத்தை எட்டி, பிரெஞ்சுப் போட்டியையும் விம்பிள்டனையும் வென்றவர்கள். களத்தில் அவ்வளவு பொருந்திய சோடி வேறில்லை என்று உலகம் போற்றியது. ஆனால் களத்துக்கு வெளியே மனம் பிரிந்தது. சேர்வதும் பிரிவதுமாக ஆண்டுகள் கழிந்தன. திறமை மாத்திரம் சோடியைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மறுபுறம், புகழ் முழுவதும் தம்பியின் பக்கம் சாய்ந்த பின்னரும், 1974இலும் 1987இலும் அதே தம்பியின் பக்கத்தில் நின்ற ஓர் அண்ணன்.

நல்ல இரட்டையர் ஆட்டக்காரர் நல்ல பயிற்றுநராவதற்கான காரணம் நமக்கு இவ்வாறு தோன்றுகிறது. ஒற்றையர் ஆட்டக்காரரின் கண் பந்தின்மேலும் எதிரியின்மேலும் இருக்கும். இரட்டையர் ஆட்டக்காரருக்கோ, தம் பக்கத்தில் நிற்பவரின் மூச்சு வாங்குகிறதா, தோள் சோர்கிறதா, மனம் கலங்குகிறதா என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். மற்றவர் முடித்தடிக்கும் பந்துக்குத் தாம் முன்கூட்டியே வழிசெய்து கொடுத்தல் வேண்டும். கைதட்டல் முடித்தடித்தவருக்கே போகும் என்பது தெரிந்தும் அதைச் செய்தல் வேண்டும். இந்தப் பழக்கம் இருபது ஆண்டு ஊறிய ஒருவர், மட்டையை வைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தால், அவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. முன்னே ஒருவர் பக்கத்தில் நின்றார். இப்போது எல்லாருடைய பக்கத்திலும் நிற்கிறார்.

நமது மட்டக்களப்பு மக்களுக்கு இது புதிய செய்தியன்று. கூத்துக் களரியில் அண்ணாவியாரைக் கண்டவர்கள் நாம். வடமோடியாயினும் தென்மோடியாயினும், வட்டக் களரியின் நடுவே மத்தளத்துடன் நிற்கும் அவர் ஒரு காலத்தில் தாமே ஆடியவர். இன்று அரசனாக வேடந்தரித்தவனின் அடியும் அவருக்குத் தெரியும். கட்டியகாரனின் அடியும் தெரியும். கால் தடுமாறுகிறவனைக் கண்டால் தாளத்தைச் சற்று இழுத்துப் பிடித்து அவனைக் காப்பாற்றிவிடுவார். பார்ப்பவர்கள் அறியமாட்டார்கள், ஆடியவன் அறிவான். அரங்கேற்றத்தன்று அண்ணாவியாரைக் கௌரவித்துச் சால்வை போர்த்துவது நமது வழக்கம். களரியில் செய்யும் இந்த மரியாதையை நாம் வீட்டில் செய்கிறோமா?

இந்த வினா வாசகரைவிட நம்மையே அதிகமாகச் சுடுகிறது. மனத்திலிருப்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறோம்.

எமது தந்தையார் காலமானபோது நமக்குப் பன்னிரண்டு வயது; அண்ணனுக்குப் பதினேழு. படிப்பில் இருவரும் சமமே. இரண்டு பேரையும் படிக்கவைக்க வீட்டில் வழியில்லை. அண்ணன் ஒருவரிடமும் சொல்லாமல் புத்தகங்களைக் கட்டிப் பரணில் வைத்துவிட்டு வயலுக்குப் போனார். நாம் நகரத்துக்குப் படிக்கப் போனோம். மாதந்தோறும் அரிசியும் பணமும் தவறாமல் வந்தன. வெள்ளம் வந்த ஆண்டிலும் வந்தன. வயல் பொய்த்த ஆண்டிலும் வந்தன. அவை எங்கிருந்து வந்தன என்று நாம் கேட்டதில்லை. பிற்காலத்தில் போரினால் ஊர் இடம்பெயர்ந்து திரும்பிய நாட்களிலும் முதலில் போய்க் கூரை போட்டவர் அவரே. நாம் எழுத்தாளராகப் பெயர் வாங்கியபின், உன்னிச்சைக்குப் போனால் ஊரார் நம்மைச் சூழ்ந்துகொள்வர். அண்ணன் பின்னால் நின்று நாற்காலி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். இத்தனை ஆண்டுகளாக இந்தப் பகுதியில் எழுதுகிறோம். ஊரார் கதை, உலகத்தார் கதை எல்லாம் எழுதினோம். அவரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

அன்று மாலை நாம் கதையை முடித்தபோது, பிள்ளை திடீரென்று எமது அண்ணனைப் பார்த்து, “அப்பப்பா, சின்ன வயதில் நீங்கள் இருவரும் குளத்தில் மீன் பிடித்தபோது யார் வலை வீசியது?” என்று கேட்டான்.

“உன் சின்ன அப்பப்பாதான். நான் கம்பு பிடிப்பேன்,” என்றார் அண்ணன்.

“ஏன், உங்களுக்கு வீசத் தெரியாதா?”

நாம் குறுக்கிட்டு, நமக்கு வீசக் கற்றுக்கொடுத்ததே அவர்தான் என்றோம். அண்ணன் சிரித்தார். பொத்திக்கொண்டிருந்த வலையை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“வலை வீசுகிறவனுக்கு மீனைப் பார்க்கத் தெரிந்தால் போதும், மனே. கம்பு பிடிக்கிறவன் மீனையும் பார்க்க வேண்டும். வீசுகிறவனையும் பார்க்க வேண்டும். தம்பி அப்போது சின்னவன். அவனைப் பின்னால் நிறுத்தினால் தோணி கவிழ்ந்துவிடும்.”

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் கொண்டிருந்த எண்ணம் அந்த ஒரு சொல்லில் தலைகீழாயிற்று. நாம் கெட்டிக்காரர் என்பதனால் வலை நம்மிடம் தரப்பட்டது என்றல்லவா எண்ணியிருந்தோம்!

மறுநாள் விடியுமுன் பிள்ளை அண்ணனை எழுப்பினான். தான் கம்பு பிடிக்க வேண்டும் என்றான். நாம் குளக்கட்டில் நின்று பார்த்தோம். எழுபதைக் கடந்த அண்ணன் முன்னணியத்தில் ஏறி நின்று வலையை ஏந்தினார். அவர் வீசி நாம் பார்த்துப் பல காலமாயிற்று. பின்னால் பிள்ளை கம்பை ஊன்றினான். முதல் வீச்சில் தோணி ஆடியது. வலை விரியாமல் சுருண்டு விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. அண்ணன் திரும்பிப் பார்க்கவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. மூன்றாவது வீச்சுக்கு முன் மாத்திரம் ஏதோ ஒரு சொல் சொன்னார். அது நம் காதில் விழவில்லை. இம்முறை தோணி நின்றது. வலை வட்டமாக விழுந்தது.

அகப்பட்ட மீன் அதிகமில்லை. ஒரு கறிக்குப் போதும். கரையில் நின்ற வியாபாரி வழக்கம்போல், “யார் வீச்சு?” என்று கேட்டார். நாம் முந்திக்கொண்டு, “வீசியவர் எமது அண்ணன், கம்பு பிடித்தவன் அவர் பேரன்,” என்றோம். இரண்டு பெயர் சொன்னதை அவர் சற்று வியப்புடன்தான் கேட்டுக்கொண்டார்.

பிள்ளை திங்கட்கிழமை நகரத்துக்குத் திரும்பினான். போகும்போது மட்டையையும் எடுத்துக்கொண்டே போனான். இரட்டையர் ஆட்டத்தில் தன்னுடன் சேர்க்கப்பட்ட பையனின் பெயர் என்னவென்று நாம் கேட்டோம். அதுவரை அவன் அதைச் சொல்லவேயில்லை. இப்போது சொன்னான், அவன் எந்தக் கையால் ஆடுவான், எதில் கெட்டிக்காரன், எதில் பயப்படுவான் என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

வாசக நேயர்களே, உங்கள் வீட்டிலும் கம்பு பிடித்தவர் ஒருவர் இருப்பார். ஒரு தமக்கையாக இருக்கலாம். ஒரு மாமனாக இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவருடன் சற்று நேரம் உட்கார்ந்து பேசுங்கள். நாம் இந்த இதழின் பிரதியொன்றை உன்னிச்சைக்கு அனுப்பிவைக்கிறோம்.